14 ஏக்கர் தேயிலை, ஆறு அறைக் காட்டேஜ்: ஆள் வைத்திருப்பவருக்குச் சட்டம் சொல்வது என்ன?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கோத்தகிரிப் பக்கம் அப்பா விட்டுப்போன 14 ஏக்கர் தேயிலை. ரோட்டோரமாக ஆறு அறைக் காட்டேஜ். தோட்டத்தில் வருஷம் முழுக்க ஒன்பது பேர், கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் பதினெட்டு பேர், காட்டேஜில் ஐந்து பேர். "சின்ன இடம், லேபர் சட்டம் எதுவும் நமக்கு வராது" என்கிறார் ஆடிட்டர். "புதுச் சட்டம் வந்தாச்சு, பழசெல்லாம் போச்சு" என்கிறார் நண்பர். இதில் எது சரி, நீங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

ஆடிட்டர் சொல்வது தப்பு. நண்பர் சொல்வது பாதி சரி. நீலகிரித் தோட்டங்களுக்குச் செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தப் "புதுச் சட்டம்". மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கினார்கள். ஊதியத் தொகுப்பு 2019-இல் நிறைவேறியது. தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மூன்றும் 2020-இல் வந்தன. நாலும் கிடப்பில் இருந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பணிக்கொடைச் சட்டம், மகப்பேறு சட்டம் எல்லாம் இவற்றுக்குள் போய்விட்டன. ஆனால் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது. இடைக்காலத்தில் பழைய விதிகளும் அறிவிக்கைகளும் தொடரும் என்றும் அரசே சொல்லியிருக்கிறது. நண்பர் கவனிக்காத இன்னொன்று, போனவை மத்தியச் சட்டங்கள் மட்டும். தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்களை யாரும் தொடவில்லை. விடுதிகளுக்கும் உணவகங்களுக்குமான 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம், அதே ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இரண்டும் உங்கள் காட்டேஜையும் தோட்டத்தையும் இன்றைக்கும் கட்டுப்படுத்துகின்றன.

அடுத்தது அளவு. தேயிலை, காப்பி, ஏலம் போன்றவற்றுக்கு 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் 'தோட்டம்'. 5 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 12 ஏக்கர் 36 சென்ட். உங்களுக்கு இருப்பது 14 ஏக்கர். பழைய சட்டம் அதோடு 15 ஆளும் கேட்டது. சீசனில் உங்களுக்குப் பதினெட்டு பேர். ஆகப் பழைய சட்டத்திலும் நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள், யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். "தம்பி பேரில் ஏழு, என் பேரில் ஏழு என்று எழுதிவிட்டால்?" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். பட்டா இரண்டாக இருந்தும் மேஸ்திரி ஒருவர், செக்ரோல் ஒன்று, இலை போவது ஒரே பேக்டரிக்கு ஒரே கணக்கில் என்றால், பார்க்கிறவர் பட்டாவைப் பார்த்துவிட்டுப் போய்விட மாட்டார். குடும்பத்துக்குள் உண்மையாகவே பாகம் பிரிந்தால் அது வேறு விஷயம். சட்டத்துக்குப் பயந்து பிரிப்பதில் பின்னால் அண்ணன் தம்பி வழக்குதான் மிஞ்சும்.

காட்டேஜையும் தோட்டத்தையும் சேர்த்து எண்ணுவார்களா? பல முதலாளிகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பி.எஃப். 20 பேரில் தொடங்குகிறது, இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 10 பேரில், போனஸ் 20 பேரில். பணிக்கொடை காட்டேஜ் போன்ற இடங்களுக்கு 10 பேரில், தோட்டத்துக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. ஒரே உரிமையாளர், ஒரே வங்கிக் கணக்கு, இங்கே இருக்கும் ஆளை அங்கே அனுப்புவது, அங்கே இருக்கும் ஜீப்பை இங்கே ஓட்டுவது என்றிருந்தால் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கிளைகள் என்று பி.எஃப். அலுவலகம் சொல்ல இடமுண்டு. பதினெட்டும் ஐந்தும் இருபத்து மூன்று. அதோடு, இந்தச் சட்டங்களுக்குள் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது என்பதுதான் பழைய சட்டங்களிலிருந்தே இருந்துவரும் நிலை. சீசன் ஆட்களை எண்ணக் கூடாது என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறார்கள். ஆனால் வருஷா வருஷம் அதே மாதங்களில் அதே ஆட்கள் வந்தால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். என் அபிப்பிராயம், சேர்த்து எண்ணித் திட்டம் போடுங்கள். பி.எஃப்.க்கு இரு தரப்பும் 12 சதவீதம். இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. தோட்டத்தில் மருத்துவ வசதியை முதலாளியே செய்து தர வேண்டும், இல்லையென்றால் இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்று புதிய சட்டம் வழிவிடுகிறது. உங்கள் அளவுக்கு டிஸ்பென்சரி நடத்தவா முடியும்? இ.எஸ்.ஐ.தான் வழி.

இனி, ஆள் எண்ணிக்கையே பார்க்காமல் முதல் ஆளிலிருந்து தொடங்கும் கடமைகள். குறைந்தபட்ச ஊதியம் அதில் முதலாவது. தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு விகிதம், விடுதிக்கு வேறு விகிதம், பஞ்சப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். ஆகவே போன வருஷம் கொடுத்ததையே கொடுத்துக்கொண்டிருந்தால் ஏப்ரலிலிருந்தே நீங்கள் பாக்கிக்காரர். சிறு தோட்டங்களில் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது வழக்கம். அதில் தப்பில்லை, ஆனால் முழு நாள் வேலை செய்தவருக்கு நாள் கூலிக்கான குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பனி கருக்கிய ஜனவரியில் செடியில் இலையே இல்லை, இலை எடுக்கும் அம்மா எட்டுக் கிலோதான் எடுத்தார் என்றால் அது அவர் குற்றமில்லை. மழை நாளில் ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் குத்துமதிப்பாக இரண்டு மூன்று கிலோ கழிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. சாக்கை எடைபோட்டு அந்த எடையைக் கழியுங்கள். அதற்கு மேல் கழித்தால் அது கூலியில் பிடித்தம், அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலியில் வித்தியாசம் காட்டுவதும் அப்படித்தான். கவாத்து (செடியை வெட்டிவிடுவது), மருந்தடிப்பு வேறு வேலை, கூலி வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் கத்தரி பிடித்து இலைதான் எடுக்கிறார்கள் என்றால் கூலியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பது புதிய கட்டாயம். "பேக்டரி இன்னும் இலைப் பணம் போடவில்லை" என்ற பதில் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், ஆய்வாளருக்கும் புரியும், சட்டத்துக்குப் புரியாது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைக் கூலி. 14 வயதுக்குக் கீழே யாருக்கும் எந்த வேலையும் இல்லை, லீவு நாளில் அம்மாவுக்குத் துணையாக வந்து இலை எடுக்கும் பிள்ளை உட்பட. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்குத் தடை. மருந்துத் தொட்டிப் பக்கமே விடாதீர்கள்.

நியமனக் கடிதம் முன்பு நல்ல எஸ்டேட்டுகளில்தான் கொடுப்பார்கள். இப்போது கட்டாயம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டம் வந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இன்றே எழுதுங்கள், தமிழில், ஒரு பக்கம் போதும். வேலை என்ன, கூலி என்ன, சேர்ந்த தேதி என்ன. அந்தச் சேர்ந்த தேதியில் நேர்மையாக இருங்கள். அப்பா காலத்திலிருந்து இருபது வருஷமாக இருக்கிறவருக்கு உங்கள் பேருக்குச் சொத்து மாறிய தேதியைப் போடும் தந்திரம் செல்லாது. உரிமையாளர் மாறினாலும் சர்வீஸ் தொடரும்.

மலையில் முதலாளியாக இருப்பதற்கும் சமவெளியில் முதலாளியாக இருப்பதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் வீடு. திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர் மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் அவர் பொறுப்பு பெரும்பாலும் முடிந்தது. உங்கள் ஆட்கள் உங்கள் லைன் வீட்டில், அதாவது தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய குடியிருப்பில்தான் தூங்குகிறார்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த மலையில் வேலையோடு சேர்ந்து கிடைத்ததுதான் கூரை. அவர்களுக்காகவே அரசு 1968-இல் தேயிலை நட ஆரம்பித்து, அது பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அன்றிலிருந்து வேலையும் வீடும் ஒரே முடிச்சாகத்தான் இருக்கிறது. வீடு, குடிநீர், சமையலறை, கழிப்பறை இவை தோட்ட முதலாளியின் கடமை. பழைய லைன்களில் நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் இருந்த காலத்தை இனி உதாரணம் காட்ட முடியாது.

அந்த வீடு இடிந்தால்? சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தோட்டத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது; பழைய சட்டத்திலும் இருந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தில் ஒருவரோ இறந்தால், காயம்பட்டால், இழப்பீடு முதலாளி பொறுப்பு. குடியிருப்பவரின் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மட்டுமே இடிந்தது என்றால்தான் விலக்கு. கவனியுங்கள், இறந்தவர் உங்களிடம் வேலை செய்தவராக இருக்கவே வேண்டியதில்லை. வீட்டில் படுத்திருந்த பாட்டியாக இருக்கலாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின, எத்தனை உயிர்கள் போயின என்று உங்களுக்கு நினைவிருக்கும். "மழைதானே, நான் என்ன செய்வது?" என்ற பதில் எப்போது நிற்கும்? லைனுக்குப் பின்னால் சரிவை வெட்டி ஷெட் போட்டிருக்கிறீர்கள், மேல் தண்ணீர் போக ஓடை எடுக்கவில்லை, சுவரில் வெடிப்பு வந்ததை மேஸ்திரி இரண்டு தடவை சொல்லியிருக்கிறார் என்றால் மழையின் மேல் பழிபோட முடியாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. செப்டம்பரிலேயே ஒவ்வொரு வீட்டையும் நடந்து பார்த்து, என்ன சரிசெய்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். கூடலூர், பந்தலூரில் தோட்டம் இருந்தால் இதையே மே மாதத்தில் செய்யச் சொல்லியிருப்பேன்.

ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்யவில்லை என்று பணிக்கொடையைப் பிடித்து வைப்பது மலை முழுக்க நடக்கும் பழக்கம். சொத்துக்கு ஏற்படுத்திய சேதம், வன்முறை, ஒழுக்கக் கேடான குற்றம் இவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவரின் பணிக்கொடையைத்தான் பறிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வீடு காலி செய்யாதது அந்தப் பட்டியலில் இல்லை. தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டி ஏறும், ஓய்வு பெற்ற அந்த அம்மாவிடம் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக்கூட காசு இருக்காது, ஆக உங்கள் வீடும் காலியாகாது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் காலி செய்ய அவகாசம் எழுதி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கூரைத் தகரத்தைக் கழற்றுவது, தண்ணீர்க் குழாயை மூடுவது எல்லாம் உங்களைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

பணிக்கொடைக் கணக்கு எளிது. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு. ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும், இறந்தவருக்கு அந்த நிபந்தனை இல்லை. புதிய சட்டத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி எடுத்தவருக்கு ஒரு வருஷமே போதும்.

அடுத்து விபத்து. இதற்கும் ஆள் எண்ணிக்கை கிடையாது, ஒரே ஆள் வைத்திருந்தாலும் பொருந்தும். இ.எஸ்.ஐ.யில் இல்லாத தொழிலாளி வேலையில் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 12,000 ரூபாய் சம்பளம், 40 வயது என்றால் காரணி 184.17. ஆக 6,000 × 184.17 = 11,05,020 ரூபாய். உங்கள் 14 ஏக்கரில் ஒரு வருஷத்தில் மிஞ்சும் காசோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே இ.எஸ்.ஐ. வரும்வரை தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். சீசன் ஆட்களையும் சேர்த்து, மருந்தடிப்பதையும் மரம் கழிப்பதையும் வேலை விவரத்தில் எழுதி எடுங்கள். 'இலை பறிப்பு' என்று மட்டும் எழுதிவிட்டு, சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறியவர் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும்.

முக்கியமான ஒன்று. சாவு நடந்ததும் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பேசி முடித்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் மரண இழப்பீட்டை இதற்கென்று அரசு நியமித்த அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். சிறு முன்பணம் தவிர, குடும்பத்திடம் நேராகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. ஒரு வருஷம் கழித்து அந்தக் குடும்பம் வழக்குப் போட்டால் முழுத் தொகையையும் வட்டியோடு மறுபடி கட்டுவீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதிவரை அபராதமும் உண்டு.

காட்டு மாடு முட்டியது, கரடி கீறியது, யானை மிதித்தது என்றால் "அது வனத்துறை பாடு" என்று விட்டுவிடுகிறார்கள். வனத்துறை தரும் நிவாரணம் தனி. வேலை நேரத்தில் இலைக்காட்டில் நடந்திருந்தால் அது வேலையினால் வந்த ஆபத்துத்தான் என்று தொழிலாளி கோர இடமுண்டு. புதிய சட்டம் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியையும், வேலைக்கும் வழிக்கும் தொடர்பு இருந்தால், சேர்த்துக்கொள்கிறது. விடியுமுன் ஆளை வரச் சொல்வதை நிறுத்துங்கள். ஓரத்துச் செடிகளைத் தனியாக யாரையும் எடுக்க விடாதீர்கள்.

பிக்-அப்பில் ஆளேற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலை ஏற்றும் வண்டியிலேயே பன்னிரண்டு பேரை நிற்க வைத்துக் கொண்டைஊசி வளைவில் இறக்குவது இங்கே தினக்காட்சி. சரக்கு வண்டியில் ஆளேற்றுவதே தப்பு. அது கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனம் எடுத்ததும் சொல்லும் பதில் "சரக்கு வாகனத்தில் பயணிகளுக்குப் பொறுப்பில்லை" என்பதுதான். பாலிசியில் வேலையாட்களுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தாலும் எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கும். மீதியெல்லாம் உங்கள் சொத்தில்தான் வந்து நிற்கும்.

மருந்து விஷயத்தில் கொடைக்கானலை மறக்காதீர்கள். அங்கே இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள், இல்லை என்று நிறுவனம் சொன்னது. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில். ஆலை மூடிப் பதினைந்து வருஷம்! உங்கள் தோட்டத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது. என்ன மருந்து, எந்தத் தேதி, யார் அடித்தார், என்ன பாதுகாப்பு உடை கொடுத்தோம், எப்போது மருத்துவரிடம் காட்டினோம் என்பதை எழுதி வையுங்கள். கையுறை, முகமூடி, பூட்ஸ் வாங்கிப் பீரோவில் வைத்தால் போதாது. அடிக்கிறவர் அதைப் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதும் உங்கள் கடமைதான். மழைக்கோட்டும் கம்பளியும் எஸ்டேட்டுகளில் முதலாளி தயவு போலக் கொடுப்பார்கள். தோட்டச் சட்டத்தில் அவற்றுக்கென்று தனிப் பிரிவே இருந்தது.

பெண்கள்தான் உங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் இருப்பார்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தோட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை. இ.எஸ்.ஐ. இருந்தால் அந்தச் சம்பளத்தை அவர்கள் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் நீங்கள். சின்ன முதலாளிக்கு இது பெரிய சுமைதான், மறுக்கவில்லை. இ.எஸ்.ஐ.யில் சேருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 50 தொழிலாளர் இருந்தால்தான் பிள்ளைக் காப்பகம் கட்டாயம், உங்களுக்கு வராது. ஆனால் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வரும். 10 பேருக்கு மேல் இருப்பதால் உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். மேஸ்திரியையோ அவர் மனைவியையோ அதில் போடாதீர்கள். தோட்டத்தில் புகார் பெரும்பாலும் யார் மேல் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜார்க்கண்ட், அசாம் ஆட்களை ஏஜென்ட் மூலம் எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். ஏஜென்டிடம் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அவர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும், இரண்டாம் தடவையாக இருந்தாலும். ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் நீங்களே போடுவது நல்லது. முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. முன்பணம் தீரும்வரை போகக் கூடாது என்பதும், அதைச் சொல்லிக் குறைந்தபட்சத்துக்குக் கீழே கூலி கொடுப்பதும், ஆதாரை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதும் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் உங்களை இழுத்துவிடும். அதில் கடன் ரத்தாகும், உங்களுக்கு ஜெயில் வரைக்கும் போகலாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டக்காரர்களும் இதே முன்பணக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள், பதிலும் இதேதான்.

காட்டேஜைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரல், மே சீசனில் வார விடுமுறை கிடையாது என்று சொல்வது வழக்கம், சட்டப்படி உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாள். மே 1 அன்று அறை நிரம்பியிருக்கும், ஆள் வேண்டும் என்றால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. பண்டிகை நாள்களை ஆட்களோடு பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் படுகர்களின் ஹெத்தை ஹப்பா பண்டிகையை விட்டுவிட்டு வேறு எதைப் போட்டாலும் அன்றைக்கு யாரும் வரப்போவதில்லை. பெண்களை இரவு வேலைக்கு வைப்பதென்றால் அவர்கள் சம்மதமும் பாதுகாப்பும் போக்குவரத்தும் வேண்டும். பையன்கள் தங்கும் அறைக்கு ஒரு ஜன்னல் வையுங்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது இந்த மலையில் உயிர் போகும் வழிகளில் ஒன்று, அந்த அறை உங்களுடையது.

ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால்: ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். தப்புச் செய்தார் என்று நிறுத்துவதானால் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, பதில் வாங்கி, விசாரித்த பிறகுதான். "நாளைக்கு வராதே" என்று வாயால் சொன்னதுதான் தொழிலாளர் நீதிமன்றத்தில் முதலாளிகள் தோற்கும் வழக்குகளில் பெரும்பாலானவற்றின் ஆரம்பம்.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், இந்த வாரமே காப்பீடு. அடுத்து நியமனக் கடிதமும், எல்லாருக்கும் ஒரே செக்ரோலும், சம்பளச் சீட்டும். பிறகு இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவு, இரண்டுக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்குள் மழை வந்துவிடும் போலிருந்தால் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஓடை எடுப்பதை முன்னால் தள்ளுங்கள். இப்போதைய கூலி விகிதத்தைக் குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். போகும்போது பட்டா நகல், மூன்று மாதச் செக்ரோல், ஆட்களின் சேர்ந்த தேதிப் பட்டியல் கையில் இருக்கட்டும். ஆடிட்டரையும் கூட அழைத்துப் போங்கள்.